நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று

மாஸ்டரைப் பற்றி அவருடைய குடும்பத்தில் யார் பேச்செடுத்தாலும் "அவன் பாவம்" என்றுதான் தொடங்குவார்கள். அவன் பாவம், தனியா இருக்கான். அவன் பாவம், அந்த மொட்டைமாடி ரூம்ல வெயில்ல வெந்துக்கிட்டுக் கிடக்கான். அவன் பாவம், ஊரான் எச்சிலைத் தொட்டுப் பிழைக்கிறான். பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம்போல இந்தப் 'பாவம்' அவரோடு ஒட்டிக்கொண்டு, போகப்போகப் பெயர் உதிர்ந்து பட்டம் மட்டும் நின்றுவிட்டது. "பாவத்துக்கு ரெண்டு சட்டை எடுத்து வச்சிருக்கேன்" என்று அண்ணி சொன்னால், எந்தப் பாவம் என்று வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேலை செய்கிற இடத்தில்தான் அவர் மாஸ்டர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிற வேலை. முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். மாஸ்டர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவார். அது இறுகி, ஈறு மட்டும் இருக்கிற ஒரு பொக்கைவாய் அவர் மேஜைக்கு வந்து சேரும். அதன்மேல் மெழுகு கட்டி, சூடான சின்னக் கத்தியால் ஒவ்வொரு பல்லாக நடுவார். மேலும் கீழும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்து, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு டப்பாவில் போட்டு முன்னறைக்குத் திருப்பி அனுப்புவார். அதோடு அவர் வேலை முடிந்தது. யாருடைய முகத்தையும் அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பல் மிச்சமிருக்கிற ஒரு வாயின் வார்ப்பைக் கையில் வைத்துப் பார்த்தாலே, இவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இவர் குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டு துணி தைப்பவர் என்று சொல்லிவிடுவார். இருபத்துநாலு வருடமாக இதே ஸ்டூல், இதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் திரும்புகிற இதே மைதானம்.

வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததுதான் எல்லாப் பாவத்துக்கும் மூலம். இருபத்தேழு வயதில் ஒரு பெண்ணை நிச்சயம் பண்ணி, பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. கேட்கப் போன அண்ணனுக்குக் கதவைத் திறக்கவும் இல்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதலில் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், அடுத்தபடியாக மாஸ்டரைப் பார்ப்பார்கள். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பசியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அக்கா வீட்டில் கூடுவது வழக்கம். அக்கா மாஸ்டருக்குப் பத்து வயது மூத்தவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு வேறு நாட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் அத்தான் உண்டு, அவருக்கு டிவி உண்டு. விளம்பரம் வந்தால் மட்டும் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார். அண்ணன் பெரிய கம்பெனி ஒன்றில் ஆளெடுக்கும் பிரிவுக்கு அதிகாரி. எதிரே உட்கார்ந்திருப்பவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடித்தே பாதித் தலை நரைத்தவர். அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள் மூன்று பேரும் காரில் வருவார்கள். மாஸ்டர் பஸ்ஸில் வருவார்.

சாப்பிட்ட கையோடு அவர் விஷயத்தை எடுத்துக்கொள்வார்கள். வேறு வேலை பார்க்கலாமா, கீழ்த்தளத்தில் வீடு பார்க்கலாமா, ஒரு துணை வேண்டாமா, நாளைக்குக் காய்ச்சலென்று படுத்தால் வாயில் தண்ணி விட யார் இருக்கிறார்கள். வருடக்கணக்காக அரைத்த மாவுதான், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஊறவைத்ததுபோல அரைப்பார்கள். "வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறர் பல்லை வைத்தே பிழைக்கிறவரைப் பற்றி இப்படிச் சொல்வதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மறுத்தால் பேச்சு நீளும்; தலையாட்டினால் டப்பா வரும். அக்கா கட்டித் தருகிற மூன்றடுக்கு டப்பா செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்கும்.

அண்ணன் மகள் கல்லூரியில் மனோதத்துவம் படித்தாள். கடைசி வருடத்தில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மனிதருக்கு வாழ்க்கையில் மகிழ்ச்சியும் நிறைவும் எதனால் வருகின்றன என்பதைக் கண்டுபிடித்து நாற்பது பக்கத்துக்குள் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் அவள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். இருபது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

"யாரு எதுன்னு எனக்கே தெரியாது. அதனால மனசுல பட்டதை அப்படியே போடுங்க."

அத்தான் விளம்பர நேரத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா அடுப்படியில் நின்றபடியே எழுதினாள். அண்ணன் பேனாவைக் கன்னத்தில் தட்டித் தட்டி நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். மாஸ்டரிடம் பேனா இல்லை. பிளாஸ்டரில் கோடு போடுகிற ஊதாப் பென்சில் சட்டைப் பையில் இருந்தது. அதை எச்சிலில் தொட்டு எழுதினார். காலையில் எழும்போது இன்றைய நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஐந்து. என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து. என்னைப் பற்றிக் கவலைப்பட ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் உள்ளே நுழையும்போதே வீடு ஒரு மாதிரி இருந்தது. அண்ணன் மகள் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் தாள்களைப் பரப்பிக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணி ஊதா எழுத்தைப் பார்த்துவிட்டாளாம்.

"ஆபீஸ்ல முந்நூறு பேரைக் கட்டி மேய்க்கிறவருக்கு அம்பத்திரண்டு. பாவத்துக்குத் தொண்ணூத்தொண்ணு" என்றாள் அண்ணி. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை எடுத்தார்.

"கேள்வியை ஒழுங்காப் படிச்சியா?"

"படிச்சேண்ணே."

"அஞ்சுன்னா முழுக்க உண்மை. ஒண்ணுன்னா கொஞ்சமும் உண்மையில்லை. மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. மேலேயே எழுதியிருந்துச்சே."

"'என் வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து வாழச் சொன்னால், பெரிதாக எதையும் மாற்றமாட்டேன்.' இதுக்கு அஞ்சு போட்டிருக்கே."

"ஆமா."

"எதையுமே மாத்தமாட்டியா?"

மாஸ்டர் யோசித்தார். "ரூம்ல குழாய் கொஞ்சம் உயரத்துல இருந்தா நல்லாயிருக்கும். பக்கெட் உள்ள போகமாட்டேங்குது. அதுக்காக அஞ்சைக் குறைக்கறதான்னு விட்டுட்டேன்."

அண்ணன் விடவில்லை. இருபது வாக்கியத்தையும் தானே வாய்விட்டுப் படித்து, கண்ணைப் பார்த்துப் பதில் வாங்கி, மறுபடி கூட்டினார். இந்தத் தடவை தொண்ணூற்றிரண்டு வந்தது. "அன்னிக்குச் சாப்பிடறதுக்கு முன்னாடி எழுதினேன். இப்ப சாப்பாட்டு வாசனை வருதுல்ல" என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா கேட்டாள்: "அப்ப அந்தக் கல்யாணம் நின்னது?"

"அது எப்பவோ நடந்ததுக்கா."

"நின்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு மாசமா பயமாவே இருந்துச்சு. ஒருத்தரோட நாள் பூரா என்ன பேசறதுன்னு. நின்னுபோச்சுன்னு சொன்ன அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்."

"எனக்கு ஒரு மாசம் தொண்டைக்குள்ள சோறு இறங்கலைடா."

"தெரியும்க்கா. உன் பங்கையும் நான்தானே சாப்பிட்டேன்."

அக்கா உள்ளே போனாள். பாத்திரங்கள் பேசின. அன்று மாஸ்டர் புறப்படும்போது டப்பா மேஜைமேல் காலியாகக் கவிழ்ந்திருந்தது. பஸ் ஏறிவிட்டார்.

புதன்கிழமை அண்ணன் ஆபீஸ் காரில் மருத்துவமனைக்கு வந்து பின்னறையில் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்துநாலு வருடத்தில் அவர் அங்கே வருவது முதல் தடவை. மாஸ்டர் ஒரு முன்பல்லை மெழுகில் நட்டு, தள்ளிப் பார்த்து, எடுத்து, அரைநூல் சாய்த்து மறுபடி நட்டார்.

"ஏன் கோணலா வைக்கிறே?"

"எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்ண்ணே."

அண்ணன் போனில் குறித்துக்கொண்டார். கைவேலை. மத்தியானம் இருபது நிமிடத் தூக்கம். ரேடியோ. கேள்விகளும் கேட்டார்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், என்ன நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாய். ஒன்றும் நினைப்பதில்லை என்றார் மாஸ்டர். அண்ணன் அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த நாள் களிமண் வாங்கி வந்து ராப்பகலாய்ப் பிசைந்தார் என்றும், மூன்றாம் நாள் ஆபீசில் மத்தியானம் தூங்கி மேலதிகாரி கண்ணில் பட்டார் என்றும், எழுந்து ஒன்றும் நினைக்காமல் இருக்க முயன்று தலைவலி வந்தது என்றும் அண்ணன் மகள் பிறகு சொன்னாள். பத்து நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். "அவன் ஒண்ணை மட்டும் சொல்லாம மறைக்கிறான். சின்ன வயசுலேயே அமுக்குணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகக் கலைந்தது. முதல் வாரம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த வாரம் அண்ணனுக்கு வேலை. மூன்றாவது வாரம் யாரும் சாக்குச் சொல்லவும் மெனக்கெடவில்லை. நடுவில் ஒரு ஞாயிறு மாஸ்டர் இல்லாமல் கூடினார்கள் என்று கேள்வி. பேசுவதற்கு அவர் விஷயம் இல்லாததால், அக்காவின் பிள்ளைகள் போன்கூடப் பண்ணுவதில்லை என்று அண்ணன் பரிதாபப்பட்டார். அண்ணி சமைத்து ஒருவேளை சாப்பாடு போட்டு எத்தனை வருடமாயிற்று என்று அக்கா பரிதாபப்பட்டாள். பரிதாபம் முற்றி, சாப்பாட்டுத் தட்டு தள்ளிவைக்கப்படும் அளவுக்குப் போனது. அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மாஸ்டருக்கு முதலில் இது நிம்மதியாகத்தான் இருந்தது. ஞாயிறு பத்து மணிவரை தூங்கினார். துணி துவைத்தார். யாரும் துணை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அண்ணனுடைய பழைய சட்டைகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டுத் தன் அளவுக்கு இரண்டு சட்டை எடுத்துக்கொண்டார். ஒருமுறை காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்திருந்தார். தானே எழுந்து தண்ணீர் குடித்தார். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. ஆனால் எழுந்து நடமாடும்போது, இந்தக் காய்ச்சல் வந்து போனது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது. முன்பு தும்மினாலே அக்கா வீட்டில் மாநாடு நடக்கும்.

கடைச் சாப்பாடு உப்பாகவோ உப்பில்லாமலோ இருந்தது. அவரைப் பற்றிக் கவலைப்படும் வேலையை இத்தனை வருடமாக மற்றவர்கள் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துவந்ததால், அவருக்கு அந்த வேலை பழக்கமே இல்லை. இப்போது மொத்தமும் அவர் தலையில் வந்து விழுந்தது. கண்பார்வை மங்குகிறதா, கை நடுங்குகிறதா, ஐம்பது வயதுக்குமேல் என்ன செய்வது என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி யோசிக்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது மாதம், அவர் செய்த ஒரு செட் திரும்பி வந்தது. ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. கடித்தால் கன்னம் கடிபடுகிறதாம். இருபத்துநாலு வருடத்தில் அவர் வேலையில் இப்படி வந்ததில்லை. டாக்டரம்மா செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தானே பின்னறைக்கு வந்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா மாஸ்டர்?"

"ஒரு பிரச்சினையும் இல்லம்மா."

"பின்ன என்ன?"

"யாருமே என்னைப் பத்திக் கவலைப்படறதில்லை" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கு உறைத்தது. டாக்டரம்மா செட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்பது ஆய்வின் விதி. அண்ணன் மகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடி அறைக்கு ஏறிவந்தாள். மாஸ்டர் ஊதாப் பென்சிலைத் தேடி எடுத்தார். பொய்யாக நிறையப் போட்டால் குடும்பம் இன்னும் விலகும். பொய்யாகக் குறைத்துப் போட்டால் பாவம் திரும்பி வரும். இரண்டையும் யோசித்துவிட்டு, யோசித்ததற்காக வெட்கப்பட்டு, மனதில் பட்டதைப் போட்டார். இந்த ஆறு மாதத்தில் உங்கள் வாழ்க்கையில் நடந்த முக்கியமான சம்பவம் என்ன என்று கடைசியில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். 'ஒன்றுமில்லை' என்று எழுதினார்.

அவள் அங்கேயே கூட்டினாள். ஐம்பத்தெட்டு. அவள் முகம் வாடி, உடனே மலர்ந்தது.

"சித்தப்பா, இவ்வளவு பெரிய வித்தியாசம் யாருக்குமே வரலை. என் ஆய்வுக்கு இது ரொம்ப நல்லது." பிறகு தான் சொன்னதை நினைத்து, "ஐயோ, நான் அப்படிச் சொல்லலை. உங்களுக்கு என்ன ஆச்சு சித்தப்பா?" என்றாள்.

"மத்தவங்க எவ்வளவு?"

"சொல்லக்கூடாது. அப்பா நாப்பத்தஞ்சுக்கு இறங்கிட்டார். பெரியத்தை அதே முப்பத்தொண்ணுதான்."

"யாரு, அக்காவா? முப்பத்தொண்ணா?"

"போன தடவையும் அதுதானே. எண்ணெய்க் கறை பட்ட தாள். எனக்கு வந்த முப்பது பேர்ல அதுதான் கடைசி. நீங்க யாரும் அதைப் பத்திக் கேக்கவே இல்லை."

உண்மைதான். தொண்ணூற்றொன்று வாங்கியவரை எல்லோரும் விசாரித்தார்கள். முப்பத்தொன்று வாங்கியவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டரும்தான் கேட்கவில்லை. அவருக்கு அன்று டப்பா கவலை.

"நான் இதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சித்தப்பா" என்று அவள் இறங்கிப் போனபோது மணி மூன்றரை. ஐந்து அடிப்பதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. என்ன என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். ஆறு மணிக்கு அவளே மூச்சிரைக்கப் படியேறி வந்தாள், கையில் மூன்றடுக்கு டப்பாவோடு. அவளுக்குப் பின்னால் ஒரு மின்விசிறியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அண்ணன்.

இரண்டு பேரும் அந்தச் சண்டைக்குப் பிறகு பேசிக்கொள்ளாதவர்கள். படியேறும்போதே சமாதானமாகியிருந்தார்கள். "நான்தான் அப்பவே சொன்னேனே, தொண்ணூத்தொண்ணாவது மண்ணாவதுன்னு. இவன் உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு வெளியில சிரிக்கிற ஆள்" என்றார் அண்ணன். குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் ஆறு மாதமாகக் காணாத களை. கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, விசிறி மாட்ட ஆளைக் கூட்டிவருகிறேன் என்று உற்சாகமாக இறங்கிப் போனார்.

மாஸ்டருக்கு உள்ளே குளிர்ந்தது. டப்பாவின் வாசனை ஒருபக்கம், இவர்கள் வந்த சந்தோஷம் ஒருபக்கம். வாய் தானாக விரிந்தது. அதை இழுத்து மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, உனக்கு ஏன் முப்பத்தொண்ணு?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தக் கேள்விங்க சரியில்லை."

"ஒரே கேள்விதான் எல்லாருக்கும்."

அக்கா டப்பாவின் கொக்கியைக் கழற்றி, மறுபடி மாட்டினாள். "உன் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான்டா" என்றாள்.

மாஸ்டர் டப்பாவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பத்திரிகை கொடுத்த வாரம் அந்தப் பொண்ணோட அம்மாவைக் கடைத்தெருவுல பார்த்தேன். அன்னிக்குக் காலையிலதான் உங்க அத்தானோட சண்டை. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, 'எங்க பொண்ணு சந்தோஷமா இருப்பாளா'ன்னு கேட்டாங்க. நான் என்ன நினைப்புல இருந்தேனோ, 'கல்யாணம் பண்ணி யாரு சந்தோஷமா இருக்கா? என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்'னுட்டேன். நான் என்னை நினைச்சுச் சொன்னேன். அவங்க உனக்கு ஏதோ குறை இருக்கு, கூடப்பிறந்தவளே ஜாடையாச் சொல்றான்னு எடுத்துக்கிட்டாங்க. மூணாம் நாள் ஆள் வந்துடுச்சு."

"அப்ப அந்த டப்பா?"

"வேற எதுக்குன்னு நினைச்சே? இருபத்திரண்டு வருஷமா உன் முகத்தைப் பார்க்கிறப்பெல்லாம் ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்கலை. ஒரு குடும்பத்தை முளையிலேயே கிள்ளிட்டோமேன்னு. கடைசியில நீ என்னடான்னா, நல்லாத் தூங்கினேங்கறே." அவள் குரலில் இப்போது அழுகையைவிடக் கோபம்தான் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

"எப்படிக் கேக்கறது? நீ ஒவ்வொரு கல்யாணத்துலயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே."

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்க்கா."

அக்கா அவரை முறைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மாஸ்டர் பதறினார். சிரித்துக்கொண்டிருந்தாள். அது நிற்க நேரமாயிற்று. அதற்குள் கொஞ்சம் அழுகையும் கலந்துவிட்டது. மாஸ்டருக்கு அவளிடம் நன்றி சொல்ல வேண்டும்போலிருந்தது. அவள் வயிற்றெரிச்சலில் வாயிலிருந்து விழுந்த ஒரு வாக்கியம்தான் அவருக்கு இந்த அறையையும், ரேடியோவையும், ஒருவரோடும் பேச வேண்டியிராத காலைகளையும் வாங்கிக் கொடுத்திருந்தது. ஆனால் அதை எந்த முகத்தோடு சொல்வது. "சாப்பிடலாம்" என்றார்.

தட்டு ஒன்றுதான் இருந்தது. அவர் டப்பாவின் மூடியில் போட்டுக்கொண்டார். அக்கா எப்போதும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவள். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு மாஸ்டர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நாலாவது வாயில் அவர் கை நின்றது.

"ஏன் இடதுபக்கமே மெல்றே?"

"பழக்கம்."

"வாயைத் திற."

"சாப்பிடறப்ப என்னடா?"

"திறக்கா."

வலதுபக்கம் கீழே மூன்று கடைவாய்ப் பல் இல்லை. ஈறு தேய்ந்து மழுங்கியிருந்தது.

"எத்தனை வருஷமா இப்படி?"

"எட்டு, ஒன்பது இருக்கும். ஒண்ணு ஒண்ணாப் போச்சு. உன்கிட்டச் சொன்னா, நீ பாவம், உனக்கு வேற வேலை வைக்க வேணாமேன்னு."

ஊரில் உள்ளவர் வாயையெல்லாம் வார்ப்பைப் பார்த்தே சொல்கிறவர் மாஸ்டர். அவருடைய அக்கா ஒன்பது வருடம் ஒருபக்கமாகவே மென்று அவருக்கு டப்பா கட்டியிருக்கிறாள். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு, புதன்கிழமை மருத்துவமனைக்கு வரச்சொன்னார்.

கீழே அண்ணன், விசிறி மாட்ட வந்தவனுக்கு வழியெல்லாம் தம்பியின் சோகக் கதையைச் சொல்லிக்கொண்டே கூட்டிவருவது கேட்டது.

அண்ணன் மகளுக்கு ஆய்வில் நல்ல மார்க் கிடைத்தது. மாஸ்டருடைய இரண்டு தாள்களை மட்டும் பேராசிரியர் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று எடுத்துவிட்டாராம். ஒரு சம்பவமும் நடக்காமல் ஒரு மனிதன் தொண்ணூற்றொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்க முடியாது, இவர் ஏதோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார், நம்பத்தக்கவர் இல்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்பத் தொடங்கியது. மாஸ்டர் சாப்பிட்டு முடித்ததும் மறக்காமல் ஒரு பெருமூச்சு விடப் பழகிக்கொண்டார். அது எல்லோருக்கும் நல்லதாக இருந்தது.

அக்காவுக்கு டாக்டரம்மா அச்செடுத்தார். மாஸ்டர் மூன்று பல்லையும் பதித்து, கழற்றி மாட்டுகிற ஒரு சின்னத் தட்டு செய்தார். அந்த வேலைக்கு வழக்கத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். போட்டுப் பார்த்ததும் அது ஈறில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. கடிபடும் இடத்தில் மை ஒட்டுகிற நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் சமமாக விழுந்திருந்தன. அக்கா வலதுபக்கம் நாக்கை விட்டுத் துழாவினாள்.

"ஏதோ உறுத்துது."

தேய்த்துக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமையும் வந்தாள். அன்றும் ஏதோ உறுத்தியது. அதற்கடுத்த வாரமும். இரண்டு பஸ் மாறி வருவாள். வந்தால் அண்ணன் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியே பஸ்கள் திரும்புவதைப் பார்த்தபடி பேசுவாள். அத்தானைப் பற்றி, பெரியவன் போன் பண்ணியது பற்றி, பக்கத்து வீட்டுக்காரி பஸ்ஸில் குடையைத் தொலைத்தது பற்றி. வீட்டில் அவள் இவ்வளவு பேசி மாஸ்டர் கேட்டதில்லை. விளம்பர இடைவேளைக்குள் அடங்காத பேச்சு அது.

ஆறாவது வாரம் டாக்டரம்மா அந்தத் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாஸ்டரைத் தனியாக அழைத்தார். "இதுல ஒரு தப்பும் இல்லையே மாஸ்டர். இதுக்குமேல தேய்ச்சா லூசாயிடும்."

"தெரியும்மா" என்றார் மாஸ்டர்.

தட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். அக்கா குடைக்கதையைப் பாதியில் விட்டிருந்தாள். மோட்டாரைப் போட்டார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. தட்டைச் சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, கவனமாகத் தேய்ப்பவர்போலக் குனிந்தார்.

அக்கா ஸ்டூலை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவசரமில்லடா. நிதானமாவே தேய்" என்றாள்.